பால்வெட்டுக்கு முன் ஒரு மழைக் கணக்கு

நெகிரி செம்பிலான் இரப்பர்த் தோட்டங்களில் விடியலுக்கு முன்பே எழும் கேள்வி ஒன்று உண்டு: இன்று வெட்டு நடக்குமா? பட்டை ஈரமாயிருந்தால் பால் வெட்டுக்கோட்டில் நில்லாது மரத்தின்மீதே பரவி வழிந்துவிடும். வெட்டியபின் மழை கொட்டினாலோ, மங்கில் சேர்ந்த பால் நீரோடு போய்விடும். நாட்கூலி முறை நடந்த காலத்தில் இவ்விரண்டும் தொழிலாளியின் அடுப்பைத் தொட்ட செய்திகள். பிரட்டில் நின்று மேற்கு வானத்தைப் பார்த்து முடிவு செய்வதே பழைய வழக்கம். அம்முடிவுக்குத் துணையாக, வீட்டு மேசைமேலுள்ள கணினியில் வானத்தைக் கணக்கிட்டுப் பார்க்க இயலுமா? இயலும், ஆனால் அதன் எல்லையை அறிந்திருத்தல் வேண்டும்.

மேற்கு வானத்தைப் பார்த்தது காரணமற்ற பழக்கம் அன்று. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில், சுமத்திராவின் ஓரத்திலும் மலாக்கா நீரிணையிலும் இரவில் உருவாகும் இடிமுகில் வரிசை, பின்னிரவிலோ விடியற்காலையிலோ தீபகற்பத்தின் மேற்குக் கரையைத் தாக்கும். வரும் திசையால் அதற்குச் ‘சுமத்திரா’ என்றே பெயர். நிலம் இரவில் கடலினும் விரைந்து குளிர்வதால், இரு கரைகளிலிருந்தும் நிலக்காற்று கடலை நோக்கி வீசுகிறது. நீரிணையில் அவை எதிர்ப்பட, ஈரக்காற்று மேலெழுந்து முகிலாகிறது. ஒன்றிரண்டு மணி நேரமே நீடிக்கும் மழைதான். அதுவே பால்வெட்டும் நேரமாகவும் அமைந்துவிடுகிறது.

வானத்தைக் கணக்கிடும் முறையை 1922-இல் நூலாக்கி வெளியிட்டவர் ஆங்கிலேய அறிஞர் ரிச்சர்ட்சன். வளிமண்டலத்தைச் சிறுசிறு பெட்டிகளாகப் பகுத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் காற்று, அழுத்தம், வெப்பம், ஈரம் ஆகியவற்றைக் குறித்து, இயற்பியல் விதிகளின்படி அவை அடுத்து எவ்வாறு மாறும் என்று காண்பதே அம்முறை. அவர் கையால் போட்ட கணக்கு, ஆறு மணி நேரத்தில் அழுத்தம் 145 மில்லிபார் மாறும் என்று காட்டிப் பொய்த்துப்போனது, முறையோ நிலைத்தது. 1950-இல் எனியாக் என்னும் கணிப்பொறி 24 மணி நேர வானிலையைக் கணிக்க ஏறத்தாழ 24 மணி நேரமே எடுத்துக்கொண்டது! அதே கணக்கை 2008-இல் ஒரு கைப்பேசி ஒரு நொடிக்குள் முடித்துவிட்டது. இத்தகைய கணக்கைச் சிலர் பாவனை என்பர். சிலர் ஒப்புருவாக்கம் என்பர். பாவனைக்கு நடிப்பு என்ற பொருளும் உண்டாதலின் பின்னதே நன்று.

இன்று இதற்குப் பெரிதும் பயன்படுவது ‘டபிள்யூ.ஆர்.எஃப்.’ என்னும் மாதிரி. அமெரிக்க வளிமண்டல ஆராய்ச்சி மையமும் பிற நிறுவனங்களும் கூடி ஆக்கிய இதனை எவரும் இலவசமாகப் பெற்று, லினக்ஸ் இயங்கும் கணினியில் ஓட்டலாம். மலேசிய வானிலை ஆய்வுத் துறையும் இதனைக் கையாள்கிறது. தொடக்க நிலையைத் தருவது ‘ஜி.எஃப்.எஸ்.’ என்னும் உலகளாவிய கணிப்பு. நாளுக்கு நான்கு முறை வெளியாவது. மலேசிய நேரப்படி பிற்பகல் 2 மணி நிலையைக் கொண்டு செய்யப்படும் கணிப்பு மாலை ஆறு, ஏழு மணியளவில் கைக்கு வந்துவிடும்.

அதையே நேரே படித்தால் என்ன? அதில் பெட்டியின் அகலம் ஏறத்தாழ 28 கிலோமீட்டர். போர்ட்டிக்சனை அடுத்த தஞ்சோங் துவான் முனைக்கும் எதிர்க்கரை ருப்பாட் தீவுக்கும் இடையே உள்ள கடலோ ஏறத்தாழ 40 கிலோமீட்டர்தான். நீரிணை முழுவதும் ஒன்றிரண்டு பெட்டிக்குள் அடங்கிவிட்டால், இரு நிலக்காற்றுகள் எதிர்ப்படுவதை எங்கே காண்பது? மலை சூழ்ந்த ஜெலுபுப் பள்ளத்தாக்கும் அங்ஙனமே தேய்ந்து சமவெளிபோல் ஆகிவிடும். ஆகவே பெட்டியை 3 கிலோமீட்டராகச் சுருக்க வேண்டும். 300 கிலோமீட்டர் சதுரத்துக்கு 100 வரிசை, 100 நிரை, 40 அடுக்கு. ஆக 4 இலட்சம் பெட்டிகள். 18 நொடிக்கு ஒருமுறை கணக்கிட்டால் ஒரு நாளுக்கு 4,800 படிகள். பெருக்கினால் 192 கோடி! நல்ல மேசைக் கணினி இதனைச் சில மணி நேரத்தில் முடித்து, பிரட்டுக்கு முன் விடை தரும். பேராசையால் பெட்டியை 1 கிலோமீட்டராக்கினால் வேலை 27 மடங்காகும். விடை வருமுன் மழை வந்து போயிருக்கும்.

விடை வந்தாலும் அதை முற்றும் நம்புவதற்கில்லை. 1961-இல் லோரன்சு என்னும் அறிஞர் 0.506127 என்னும் எண்ணை 0.506 என்று சுருக்கிக் கணினியில் இட்டார். சிறிது தூரம் ஒத்துப்போன கணக்கு பிறகு முற்றும் வேறாயிற்று. கடல்மேல் அளவீடுகள் அருகிக் கிடக்கும் இப்பகுதியில் தொடக்க நிலையே ஐயத்துக்குரியது. மாதிரி, முகில் வரிசையைச் சரியாகவே உருவாக்கிவிட்டு, அதைச் சிரம்பானுக்கு மாறாகக் கிள்ளானில் கொண்டுபோய்ச் சேர்க்கலாம். தொடக்க எண்களைச் சிறிது மாற்றி மாற்றிப் பலமுறை ஓட்டி, எத்தனை முறை மழை வருகிறது என்று எண்ணுவதே அறிவுடைமை. உயிருக்கும் உடைமைக்கும் ஊறு நேரும் நாளில் அரசுத் துறையின் எச்சரிக்கையே கொள்ளத்தக்கது.

இரப்பர் நின்ற இடங்களில் பலவற்றை இன்று செம்பனை பிடித்துக்கொண்டது. ஆயினும் தோட்டத்து மழைமானி இன்றும் பயன்படும். கிராணிகள் நாள்தோறும் அளந்து எழுதிய வழக்கத்தை ஒரு தமிழ்ப்பள்ளி மாணவரும் தொடரலாம். ஒரு பத்தியில் கணினி சொன்ன மழை, மறுபத்தியில் மானியில் விழுந்த மழை. ஓராண்டு எழுதினால், மாதிரி எந்த மாதத்தில் பொய்க்கிறது, எந்தத் திசைக் காற்றில் மெய்க்கிறது என்பது அக்குறிப்பேட்டிலேயே தெரிந்துவிடும்.