குழந்தைகளில் மதுவத் தொற்று: பெற்றோர் அறிந்திருக்க வேண்டியவை

ஈஸ்ட் என்று பலரும் அழைக்கும் நுண்ணுயிருக்கு நமது பாடநூல்கள் மதுவம் என்று பெயரிட்டுள்ளன. மது புளிப்பதற்குக் காரணமானது என்பதால் அப்பெயர் வந்தது. பாணைப் பொங்கச் செய்வதும், கள்ளு விட்டுக் குழைத்த அப்ப மாவை ஓரிரவில் நுரைக்கச் செய்வதும் மதுவமே. ஆனால், குழந்தையின் நாக்கில் வெண்படலமாகவும் அணையாடைக்குள் செந்நிறத் தடிப்பாகவும் தோன்றுவது அதே குடும்பத்தைச் சேர்ந்த வேறோர் உயிரி. அதன் பெயர் கண்டிடா.

நலமாக இருக்கும் பலரின் வாயிலும் குடலிலும் தோலிலும் கண்டிடா சிறிதளவில் வாழ்கின்றது. கைக்குழந்தைகளுக்கு அது பிறக்கும் வேளையிலோ பின்னர் தாயின் தோலிலிருந்தோ வந்து சேரும். உடலில் வாழும் நல்ல பக்டீரியாக்களும் நோயெதிர்ப்புச் சக்தியும் அதனை அடக்கி வைத்திருக்கின்றன. ஆகவே கண்டிடா உடலில் இருப்பது நோயன்று. அது அளவு மீறிப் பெருகுவதே நோய். காதுவலிக்கோ நெஞ்சுச் சளிக்கோ அன்டிபயோட்டிக் மருந்து கொடுக்கப்படும்போது தீய பக்டீரியாவுடன் நல்லவையும் அழிகின்றன. அன்டிபயோட்டிக் மருந்துகளால் மதுவத்தை ஒன்றும் செய்ய முடியாது என்பதால், வெற்றிடத்தை அது நிரப்பிக்கொள்கின்றது. சாதாரணத் தடிமனுக்கு மருத்துவர் அன்டிபயோட்டிக் எழுதிக் கொடுக்க மறுப்பதற்குரிய காரணங்களுள் இதுவும் ஒன்று. தடிமன் வைரசினால் வருவது. அம்மருந்தினால் அது குணமாவதில்லை.

இத்தொற்றுப் பெரும்பாலும் இலகுவில் தீர்ந்துவிடும். எனினும் இரு பக்கங்களிலிருந்து ஆபத்து வருகின்றது. ஒன்று, ஊரிலிருந்து கொண்டுவந்த சில கைவைத்தியங்கள். மற்றையது, பிள்ளையின் பேச்சுத் தாமதம் முதல் பிடிவாதம் வரை யாவற்றுக்கும் “குடலில் மதுவம் பெருகியதே” காரணம் என்று கூறி விற்கப்படும் சிகிச்சைகள்.

வாயில் தோன்றும் அக்கரம்

நம் பெரியவர்கள் இதனை அக்கரம் என்பார்கள். “நாக்கில் மாப் படிந்திருக்கிறது” என்றும் சொல்வார்கள். பிறந்த முதற் சில மாதங்களிலேயே இது மிகுதியாகக் காணப்படும். நாக்கில் மட்டும் மெல்லிய வெண்மை இருந்து, ஈரத் துணியால் துடைத்தவுடன் போய்விட்டால் அது பால்தான். கன்னத்தின் உட்புறம், உதட்டின் உட்புறம், முரசு ஆகிய இடங்களிலும் தயிர்த்துணிக்கை போல ஒட்டிக்கொண்டு, துடைத்தாலும் அகலாது, அகன்றால் கீழே சிவந்து காணப்பட்டால் அது தொற்று. சுரண்டிப் பார்க்க வேண்டாம், இரத்தம் கசியும்.

பல குழந்தைகள் எவ்வித அசௌகரியத்தையும் காட்டமாட்டார்கள். சிலர் பால் குடிக்க மறுத்து அழுவார்கள். இலேசான தொற்றுத் தானாகவே மறைவதுண்டு. சிகிச்சை தேவைப்படும்போது வழக்கமாக வழங்கப்படுவது நிஸ்ரற்றின் என்னும் திரவ மருந்து. பால் கொடுத்த பின்னர் கன்னத்தின் இருபுறமும் நாக்கிலும் படும்படியாக அதனைத் தடவ வேண்டும். வெண்மை மறைந்தவுடன் நிறுத்திவிடாமல், சொல்லப்பட்ட நாட்கள் முழுவதும் கொடுக்க வேண்டும். இம்மருந்தின் பெயரிலேயே அதன் பிறப்பிடம் இருக்கிறது. நியூயோர்க் மாநிலச் சுகாதாரத் திணைக்களத்தில் பணியாற்றிய எலிசபெத் லீ ஹேசன், ரேச்சல் ஃபுல்லர் பிரௌன் என்ற இரு பெண் விஞ்ஞானிகள் 1950-ஆம் ஆண்டு மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிலிருந்து இதனைப் பிரித்தெடுத்து, அம்மாநிலத்தின் பெயரையே சூட்டினர். காப்புரிமையால் வந்த பணத்தை அவர்கள் தமக்கென எடுத்துக்கொள்ளாமல் அறிவியல் ஆய்வுக்கே வழங்கினர்.

தாய்ப்பாலூட்டலை நிறுத்த வேண்டியதில்லை. ஆயினும் தாயின் மார்புக் காம்பிலும் தொற்று இருக்குமாயின் இருவரும் ஒரே காலத்தில் சிகிச்சை பெற வேண்டும். இல்லையேல் குழந்தையிடமிருந்து தாய்க்கும் தாயிடமிருந்து குழந்தைக்குமாக அது மாறிக்கொண்டே இருக்கும். காம்பு சிவந்து, எரிச்சலுடன் பால் கொடுத்த பின்னரும் வலி தொடர்ந்தால் அதனை மருத்துவரிடம் கூறுங்கள். சூப்பி, பாற்போத்தலின் முலை ஆகியவற்றை நாள்தோறும் கொதிநீரில் அவித்தெடுங்கள்.

இனிக் கைவைத்தியங்களைப் பற்றிச் சற்று விரிவாகக் கூற வேண்டியுள்ளது. இவை கெட்ட எண்ணத்தில் செய்யப்படுபவை அல்ல. அக்கரத்துக்குத் தேன் தடவுவது நம்மிடையே நெடுநாளைய வழக்கம்; பொரித்த வெங்காரத்தைத் தேனில் குழைத்துத் தடவுவோரும் உண்டு. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேனை ஒரு துளியேனும் கொடுக்கலாகாது. தேனில் இருக்கக்கூடிய ஒருவகைப் பக்டீரியா வித்துகள் குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கித் தசைகளைச் செயலிழக்கச் செய்யும். பொட்டுலிசம் எனப்படும் இந்நோய் மூச்சையே நிறுத்தக்கூடியது. காய்ச்சிய தேனானாலும், கடையில் வாங்கிய தேனானாலும் இதுவே விதி. வெங்காரமோ போரன் சேர்ந்த உப்பு. அதனைக் குழந்தையின் வாயில் இடுவது நஞ்சூட்டலுக்கு ஒப்பானது.

ஊதா மருந்து என்று நாம் அறிந்த ஜென்ஷன் வயலட்டும் இவ்வாறே. ஒரு காலத்தில் மருத்துவமனைகளிலேயே குழந்தைகளின் வாயிலும் தாய்மாரின் மார்பிலும் இது பூசப்பட்டது. விலங்குகளில் செய்யப்பட்ட ஆய்வுகள் புற்றுநோய் அபாயத்தைக் காட்டியதால், இதனைப் பயன்படுத்த வேண்டாமென 2019 யூன் மாதத்தில் கனடிய மத்திய சுகாதாரத் திணைக்களம் அறிவித்தது. ஊரிலிருந்து எவரேனும் கொண்டுவந்த போத்தல் வீட்டில் இருந்தால் மருந்துக்கடையில் ஒப்படைத்துவிடுங்கள்.

அணையாடைக்குள் வரும் தடிப்பு

பம்பேர்ஸ் அணியும் குழந்தைக்கு ஈரத்தினாலும் உராய்வினாலும் தோல் சிவப்பது சாதாரணம். அது துணி படும் மேடான இடங்களில் வரும்; தொடையின் மடிப்புகளுக்குள் பெரும்பாலும் இராது. மதுவத் தொற்று இதற்கு மாறானது. மடிப்புகளுக்குள்ளேயே அடர்ந்த சிவப்பாகப் படர்ந்து, அதன் ஓரங்களைச் சுற்றிச் சிறுசிறு செம்புள்ளிகள் சிதறிக் காணப்படும். வழக்கமான களிம்பு பூசியும் மூன்று நாட்களில் குறையாத தடிப்பும், அன்டிபயோட்டிக் கொடுத்த பின்னர் வந்த தடிப்பும் பெரும்பாலும் இதுவே.

அணையாடையை அடிக்கடி மாற்றி, வெதுவெதுப்பான நீரால் கழுவி, ஒற்றித் துடைத்து, சிறிது நேரம் காற்றுப்பட விடுங்கள். மருந்துக் களிம்பை முதலில் மெல்லியதாகவும், அதன் மேல் சிங்க் ஒக்சைட் களிம்பைத் தடிப்பாகவும் பூசலாம். பவுடர் போட வேண்டாம். குழந்தை அதன் துகளைச் சுவாசிக்க நேரிடும், ஈரத்துடன் அது மடிப்புகளில் கட்டிபடும்.

இன்னொரு பழக்கத்தையும் கைவிட வேண்டும். இந்தியாவிலும் இலங்கையிலும் எளிதில் வாங்கக்கூடிய சில களிம்புகளில் பங்கசு எதிர்ப்பு மருந்துடன் வீரியமிக்க ஸ்டீரொயிட்டும் கலந்திருக்கும். பூசியவுடன் சிவப்பு மறைவதால் “நல்ல மருந்து” என்று அது பெயர்பெற்றுவிடுகிறது. காற்றுப் புகாத அணையாடைக்குள் ஸ்டீரொயிட் மிகையாக உறிஞ்சப்பட்டு, தோலை மெலியச் செய்து, தொற்றை உள்ளே வளரவும் விடும்.

மருத்துவருக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை

ஒன்ராறியோவில் 2023 சனவரி 1 முதல், சில சிறு நோய்களுக்கு மருந்தாளரே மருந்து எழுதிக் கொடுக்கலாம். வாயில் வரும் மதுவத் தொற்று முதற் பட்டியலிலேயே இருந்தது. அணையாடைத் தடிப்பு அவ்வாண்டு ஒக்டோபர் 1 முதல் சேர்க்கப்பட்டது. ஒன்ராறியோ சுகாதார அட்டையைக் காட்டினால் இந்த ஆலோசனைக்குக் கட்டணமில்லை. தனியார் மருந்துக் காப்புறுதி இல்லாத 24 வயதும் அதற்குட்பட்டோருமான பிள்ளைகளுக்குப் பல மருந்துகளின் செலவை மாகாணத் திட்டமே ஏற்கின்றது. எழுதிக் கொடுத்த மருந்து அதில் அடங்குமா என்று அங்கேயே கேட்டறியலாம். குழந்தை மிகச் சிறியதாக இருந்தாலோ வேறு அறிகுறி தென்பட்டாலோ மருந்தாளர் மருத்துவரிடம் அனுப்பக்கூடும். சுகாதார அட்டை இல்லாத குடும்பங்கள் தமது பகுதியிலுள்ள சமூக சுகாதார நிலையத்தை நாடலாம்.

எவற்றை அலட்சியம் செய்யலாகாது

மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 38 பாகை செல்சியசோ அதற்கு மேலோ காய்ச்சல் இருந்தால், அது மதுவத்தால் வந்ததா என ஆராய்ந்துகொண்டிராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். பால் குடிக்க முடியாமல் சிறுநீர் குறைந்தாலும் அவ்வாறே. ஒரு வயதைத் தாண்டிய பின்னரும் வாயில் தொற்று மீண்டும் மீண்டும் வந்தால் நோயெதிர்ப்புச் சக்தியைப் பரிசோதிக்க வேண்டிவரலாம். ஆஸ்மாவுக்கு ஸ்டீரொயிட் பம்ப் பாவிக்கும் பிள்ளைக்கு வந்தால் காரணம் பெரும்பாலும் அந்தப் பம்பே. அதை நிறுத்திவிடாமல், இடைக்குழாய் வைத்துப் பாவித்து, ஒவ்வொரு முறையும் வாய் கொப்பளிக்கச் செய்யுங்கள்.

கழிப்பறைப் பழக்கம் வந்துவிட்ட பிள்ளைக்கு மதுவத் தடிப்பு அடிக்கடி தோன்றி, கூடவே அதிக தாகம், அடிக்கடி சிறுநீர், படுக்கை நனைத்தல், உடல் மெலிதல் ஆகியவை இருந்தால் அது முதலாம் வகை நீரிழிவாக இருக்கலாம். அன்றே மருத்துவரைக் காண வேண்டும். வாந்தியும் மயக்கமும் ஆழ்ந்து விரைவாக மூச்சுவிடுதலும் சேர்ந்தால் 911-ஐ அழையுங்கள். 1922 சனவரியில் இன்சுலின் முதன்முறையாக ஒரு நோயாளிக்குச் செலுத்தப்பட்டது இந்நகரின் ரொறன்ரோ பொது மருத்துவமனையிலேயே. அச்சிறுவனுக்கு வயது 14. அதற்கு முன்னர் இந்நோய் வந்த பிள்ளைகள் பிழைத்ததில்லை. இன்று நோயைக் காலத்தில் கண்டறிந்தாலே போதும்.

“குடலில் மதுவம்” என்னும் கூற்று

களைப்பு, கவனக்குறைவு, மனச்சோர்வு முதலிய பலவற்றுக்கும் குடலில் வாழும் கண்டிடாவே காரணம் என்ற கருத்து 1970-களின் இறுதியில் அமெரிக்காவில் தோன்றியது. வில்லியம் குரூக் என்ற குழந்தை மருத்துவர் 1983-இல் எழுதிய நூலொன்று அதனை உலகெங்கும் பரப்பியது. 1986-இல் அமெரிக்க ஒவ்வாமை மருத்துவர் கழகம் இதனை நிரூபிக்கப்படாத ஊகம் என்று கூறியது. 1990-இல் 42 பெண்களைக் கொண்டு நடத்தப்பட்ட பரிசோதனை ஒன்றில், உடல் முழுவதையும் பற்றிய அவ்வறிகுறிகளைக் குறைப்பதில் நிஸ்ரற்றின் வெற்று மருந்தைவிடச் சிறந்து விளங்கவில்லை. ஆயினும் கருத்து மறையவில்லை. இப்பொழுது அது ஓட்டிசம் உள்ள பிள்ளைகளின் பெற்றோரைத் தேடி வருகின்றது.

மதுவத்தை அழித்தால் ஓட்டிசம் குறையும் என்பதற்கு நம்பத்தக்க சான்று இல்லை. ஓட்டிசம் உள்ள சில பிள்ளைகளின் குடல் நுண்ணுயிர்கள் வேறுபட்டிருப்பது உண்மையே. ஆனால் 2021-இல் வெளியான, 247 பிள்ளைகளை உள்ளடக்கிய அவுஸ்திரேலிய ஆய்வொன்று, அவர்கள் ஒருசில உணவுகளை மட்டுமே உண்பதே அவ்வேறுபாட்டுக்குக் காரணமாகலாம் என்று காட்டியது. மலத்தில் மதுவம் காணப்பட்டது என்ற அறிக்கையும், காலையில் ஒரு குவளை நீரில் உமிழ்ந்து பார்க்கும் சோதனையும் எதையும் நிரூபிப்பதில்லை. மலத்தில் மதுவம் இருப்பது இயல்பு. உடலுக்குள் ஊடுருவும் கொடிய கண்டிடா நோய் ஒன்று உண்டுதான். குறைமாதத்தில் மிகச் சிறு எடையுடன் பிறந்த குழந்தைகளையும் புற்றுநோய்ச் சிகிச்சை பெறுவோரையும் அது தாக்கும். மருத்துவர்கள் அதனைக் குருதிப் பரிசோதனையால் கண்டறிகிறார்கள், வினாக்கொத்தினால் அல்ல.

இச்சிகிச்சைகளால் தீங்கில்லை என்று எண்ண வேண்டாம். பாண், சோறு, பால், பழம் யாவற்றையும் விலக்கும் பத்தியம், ஏற்கெனவே நான்கைந்து உணவுகளை மட்டுமே உண்ணும் பிள்ளையின் வளர்ச்சியைப் பாதிக்கும். தோசையைக்கூட விலக்கச் சொல்கிறார்கள். புளித்த மாவிலுள்ள மதுவம் கல்லில் வேகும்போதே இறந்துவிடுகிறது. நீண்ட காலம் கொடுக்கப்படும் சில பங்கசு எதிர்ப்பு மாத்திரைகள் ஈரலைத் தாக்கும். குளோரீன் டையொக்சைட் என்னும் வெளிற்றும் இரசாயனத்தைக் குடிக்கக் கொடுப்போரும் உளர். அதைக் குறித்துக் கனடிய சுகாதாரத் திணைக்களம் பலமுறை எச்சரித்துள்ளது. பிள்ளை வாந்தியெடுத்தால் “மதுவம் சாகிறது, தொடருங்கள்” என்பார்கள். அது நஞ்சின் விளைவு. உடனே நிறுத்தி மருத்துவ உதவி பெறுங்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய இழப்பு காலம். ஒன்ராறியோவில் 18-ஆம் மாதத்தில் ஒவ்வொரு குழந்தைக்கும் குடும்ப மருத்துவரிடம் விரிவான வளர்ச்சிப் பரிசோதனை உண்டு; அதைத் தவறவிடாதீர்கள். பேச்சுத் தாமதம் பற்றிக் கவலையிருந்தால், பள்ளி செல்லாத வயதினருக்கான ஏர்லி அபிலிட்டீஸ் என்னும் ரொறன்ரோ இலவசச் சேவைக்கு மருத்துவரின் பரிந்துரையின்றியே நீங்கள் விண்ணப்பிக்கலாம். ஓட்டிசம் தொடர்பான மாகாணச் சேவைகளில் காத்திருப்போர் பட்டியல் நீண்டது. பத்தியத்தில் கழியும் ஆறு மாதம் அந்த வரிசையில் பின்தங்கும் ஆறு மாதமாகும்.

மருந்தாளரிடமோ மருத்துவரிடமோ செல்லும்போது, தடிப்பைக் கைத்தொலைபேசியில் படமெடுத்து, பிள்ளை அண்மையில் உட்கொண்ட மருந்துகளையும் வீட்டில் பூசியவற்றையும் மறைக்காமல் எடுத்துச் செல்லுங்கள். இரவில் ஐயம் எழுந்தால் 811-ஐ அழைத்துப் பதிவுபெற்ற தாதியுடன் பேசலாம். நகரின் சேவைகளுக்கு 311-ஐயும் சமூக சேவைகளுக்கு 211-ஐயும் அழையுங்கள். மூன்றிலும் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முதலிலேயே கேளுங்கள்.