பேரிடர்ச் செய்திக்குப் பின் வரும் தவிப்பு

2025 ஜூன் 12 அன்று, இலண்டன் நோக்கிப் புறப்பட்ட விமானம் அகமதாபாத்தில் மருத்துவக் கல்லூரி விடுதியின்மீது விழுந்தது. விமானத்திலிருந்த 242 பேரில் ஒருவரே பிழைத்தார். விடுதியிலிருந்த மருத்துவ மாணவர் சிலரும் மாண்டனர். அக்காட்சிகளைக் கண்டபின், தம் பிள்ளையின் குரலை உடனே கேட்கவேண்டும் என்று பலருக்கும் தோன்றியிருக்கும். இதில் வெட்கப்பட ஏதுமில்லை. அஞ்சும் வேளையில் அட்ரினலின் சுரந்து நெஞ்சு படபடக்கிறது. நெருங்கியவரின் குரலும் தொடுகையும் அப்படபடப்பைத் தணிக்கின்றன.

ஆயின் அதே தவிப்பு நோயாளியின் படுக்கையருகே வேறு உருக் கொள்வதை நாங்கள் அடிக்கடி காண்கிறோம். உறங்குபவரை எழுப்பி எழுப்பி நலம் கேட்கிறார்கள்; மருத்துவர் நடக்கச் சொன்ன பின்னும் எழவிடாது தடுக்கிறார்கள். நோயாளிக்கோ காவலில் இருப்பதுபோல் ஆகிவிடுகிறது.

கைப்பேசியை வைத்துவிட்டுப் பத்து நிமிடம் அருகில் அமர்ந்து, அவர் பேச விரும்புவதைக் கேளுங்கள். பழைய மனத்தாங்கல் ஏதேனும் இருப்பின், வீடு திரும்பிய பிறகு பார்க்கலாம் என்று ஒத்திவைக்க வேண்டா. தொலைக்காட்சியை அணைத்துவிடுங்கள் (வார்டில் அது ஓயாது ஓடுவது எங்களுக்கும் உவப்பில்லை). திரும்பத் திரும்பக் காட்டப்படும் ஒரே விபத்தைச் சிறு குழந்தைகள் ஒவ்வொரு முறையும் புதிதாக நிகழ்வதாகவே எண்ணக்கூடும்.

இரு வாரங்கள் கடந்தும் உறக்கம் வராவிட்டாலோ, காட்சிகள் கண்முன் வந்துகொண்டேயிருந்தாலோ மனநல மருத்துவரிடம் சொல்லுங்கள். அரசின் டெலி மானஸ் எண் 14416 இரவிலும் இயங்குகிறது. கட்டணமில்லை, தமிழிலும் பேசலாம்.