கண்ணுக்கும் குழலுக்கும் நடுவே

பன்னிரண்டு போர் துவக்கைப் பற்றிக் கல்முனைக் கரையில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. சம்மாந்துறை வட்டையிலும் இறக்காமத்து வயலிலும் பயிர்க்காவலுக்கென்று அனுமதிப்பத்திரத்தோடு வைத்திருக்கும் துவக்கு பெரும்பாலும் அதுதான். அந்தப் பன்னிரண்டு என்ன கணக்கு என்று கேட்டால்தான் பலர் தலையைச் சொறிவார்கள். ஓர் இறாத்தல் ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக வார்த்தால், ஓர் உருண்டையின் குறுக்களவு எவ்வளவோ அதுவே குழலின் அகலம், சுமார் 18.5 மில்லிமீற்றர். ஆகவே எண் குறையக் குறையக் குழல் பருக்கும். அதே இறாத்தலை நான்கே உருண்டைகளாக வார்த்தால் நான்கு போர். குறுக்களவு 26 மில்லிமீற்றரைத் தாண்டிவிடும்.

அப்படி நான்கு போர் என்று சொல்லப்படும் ஒரு ரைபிளைத்தான் 1840இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்துக் கிப்ஸ் பட்டறை ஆங்கில வேட்டைக்காரர் சாமுவேல் பேக்கருக்குச் செய்துகொடுத்தது. கிப்ஸ் 1830இல் தொடங்கிய கடை. பேக்கருக்கு அப்போது இருபது வயதுகூட ஆகவில்லை. ஆனாலும் அமைப்பு தன்னுடையது என்று பிற்காலத்தில் பெருமையாக எழுதிக்கொண்டார். துவக்கின் எடை 21 இறாத்தல், அதாவது ஏறத்தாழ ஒன்பதரைக் கிலோ. குழல் நீளம் 36 அங்குலம். குழலின் உட்சுவரில் சுழன்று செல்லும் பள்ளங்கள் இரண்டே இரண்டு. உருண்டைக் குண்டின் இடுப்பைச் சுற்றி அரைஞாண் கட்டியதுபோல ஓர் ஈய வளையம் புடைத்து நிற்கும். வாய்ப்பக்கமாகக் குண்டை இறக்கும்போது அந்தப் புடைப்பைப் பள்ளங்களோடு பொருத்தித்தான் தள்ளவேண்டும். வெடித்ததும் பள்ளத்தைப் பிடித்துக்கொண்டு குண்டு சுழன்றபடி வெளியேறும். சுழலும் குண்டு திசை மாறாது. உருண்டைக் குண்டு 3 அவுன்ஸ், கூம்புக் குண்டு 4 அவுன்ஸ். மருந்து 16 டிராம். நம் பன்னிரண்டு போருக்குப் பழைய கறுப்பு மருந்து போட்ட காலத்தில் மூன்று, மூன்றேகால் டிராம் போதும். ஐந்து தோட்டாவின் மருந்தை ஒரே வெடியில் எரித்தால் தோள் என்னவாகும் என்பதை வாசகரே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

பேக்கர் 1846இல் இலங்கைக்கு வந்து 1855இல் திரும்பிப் போனார். ஊவா மலையடிவாரத்திலிருந்து மட்டக்களப்புப் பக்கம் விரியும் புல்வெளிக் காட்டை அவர் ‘பார்க் நாடு’ என்று அழைத்தார். அங்கே யானை வேட்டையாடினார். 1854இல் வந்த அவருடைய இலங்கை வேட்டைப் புத்தகம் லண்டனில் நன்றாக விற்றது. அதைச் சாகசக் கதையாகப் படிக்க எனக்கு மனம் வருவதில்லை. பதுளையில் அரசாங்க அதிகாரியாயிருந்த மேஜர் ரொஜர்ஸ் 1,400 யானைகளுக்கு மேல் கொன்றார் என்கிறார்கள். 1845இல் ஹப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். கொன்ற யானைக்குத் தலைக்கு இத்தனை ஷில்லிங் என்று அரசாங்கமே சன்மானம் கொடுத்த காலம் அது. 1848க்கு முந்திய மூன்றாண்டுக்குள் வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3,500 யானைகளுக்கு அந்தச் சன்மானம் பெறப்பட்டதாக, இலங்கையில் குடியேற்றச் செயலாளராயிருந்த எமர்சன் டெனன்ட் 1859இல் எழுதினார்.

அதே டெனன்ட்தான் நம்மவர் பற்றியும் எழுதிவைத்தார். வடக்கிலும் வடகிழக்கிலும் உள்ள முஸ்லிம் ஊர்களில் வாழ்ந்த பணிக்கர்கள் யானை பிடிப்பதில் பரம்பரை வல்லவர்கள். கையில் துவக்குக் கிடையாது. மான் தோலிலோ எருமைத் தோலிலோ முறுக்கிய கயிறு ஒன்றுதான். யானையின் பின்னங்காலுக்குச் சுருக்குப் போடும் தூரம்வரை காற்றின் திசை பார்த்து ஊர்ந்து போவார்கள். யானையை உயிரோடு பிடித்து விற்பதுதான் அவர்கள் தொழில். ஒன்பதரைக் கிலோ இரும்போடு வந்த வெள்ளைக்காரரும் அந்தத் தூரத்துக்குத்தான் போகவேண்டியிருந்தது. சில பாக தூரத்தில் நின்றுதான் பேக்கரும் சுட்டார். பின்னால் ஒரு பிளவு, முன்னால் ஒரு குமிழ், இரண்டும் நேர்க்கோட்டில் வந்ததும் விசையை இழுப்பது. அடர்காட்டில் அதற்குமேல் எதுவும் உதவாது.

தூரத்தைக் கண்ணாடி கொண்டு சுருக்கலாம் என்ற எண்ணம் அதே காலத்தில்தான் பிறந்தது. 1840ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்காவின் மோர்கன் ஜேம்ஸ், ஜோன் சாப்மன் என்பவரின் யோசனைப்படி, இன்று ஸ்கோப் என்கிறோமே, அந்தத் தொலைநோக்கிகளைக் குழலளவு நீளத்தில் துவக்கின் மேல் பூட்டினார். 1880இல் ஒஸ்திரியாவின் ஓகஸ்ட் ஃபீட்லர் காட்டுக்குக் கொண்டுபோகத்தக்க ஸ்கோப்பைச் செய்தார். அமெரிக்காவில் பில் வீவர் 1930இல் மலிவான ஸ்கோப் விற்கத் தொடங்கிய பிறகே அது சாதாரண வேட்டைக்காரன் கைக்கு வந்தது.

கண்ணாடி வந்துவிட்டது. அதைத் துவக்கோடு எப்படிப் பிணைப்பது? வேட்டைக்காரர்கள் துவக்கின் பெயருக்கும் ஸ்கோப்பின் பெயருக்கும் அள்ளிக் கொடுப்பார்கள். இடையிலுள்ள மவுண்ட் என்ற இரும்புத்துண்டில்தான் காசு மிச்சம் பிடிப்பார்கள். குறி தப்புவதும் பெரும்பாலும் அங்கேதான்.

கணக்கு எளிது. ஸ்கோப்பை இரண்டு வளையங்கள் தாங்குகின்றன. இடைவெளி 100 மில்லிமீற்றர் என்று வையுங்கள். ஒரு வளையம் மட்டும் 0.1 மில்லிமீற்றர் அசைந்தால், ஒரு தாளின் கனம்தான் அது, 100 மீற்றரில் குண்டு 10 சென்ரிமீற்றர் விலகிப் போகும். இனி உதை. நான்கு கிலோ ரைபிள் ஒன்று வெடிக்கும்போது, குண்டு குழலைவிட்டு வெளியேறும் ஒன்றரை மில்லிசெக்கனுக்குள் விநாடிக்கு 3 மீற்றர் வேகத்தில் பின்னால் உதைக்கிறது. ஸ்கோப் இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கும். அரைக் கிலோ ஸ்கோப்பையும் கூடவே இழுத்துப்போக 1,000 நியூட்டன் விசை வேண்டும். 100 கிலோ மூட்டையின் பாரம். ஒவ்வொரு வெடிக்கும் நான்கைந்து சின்னத் திருகாணிகள் அந்தப் பாரத்தைத் தாங்குகின்றன.

அதனால் மவுண்ட் வாங்குபவர் முதலில் பார்க்கவேண்டியது துவக்கின் முதுகை. காற்றுத் துவக்கிலும் சின்னத் தோட்டா ரைபிளிலும் 11 மில்லிமீற்றர் அகலத்தில் இருபக்கமும் சரிவாக வெட்டிய காடி இருக்கும். பெரிய ரைபிள்களில் குறுக்குப் பள்ளம் வெட்டிய அடித்தகடு. அதில் வீவர் வகையின் பள்ளம் 4.57 மில்லிமீற்றர், 1995இல் அமெரிக்க இராணுவம் தரப்படுத்திய பிக்கட்டினி வகையின் பள்ளம் 5.23. வீவர் வளையம் பிக்கட்டினியில் உட்காரும், மறுபக்கம் சரிவராது. கடைக்காரர் “எல்லாம் ஒண்டுதான்” என்றால் நம்பவேண்டாம். வளையத்தைப் பூட்டும்போது, அதன் குறுக்காணியைப் பள்ளத்தின் முன்சுவரோடு முட்டும்படி குழல்வாய்ப் பக்கம் தள்ளிப் பிடித்துத் திருகவேண்டும். உதையில் ஸ்கோப் போகப் பார்க்கும் திசை அதுதான். முன்கூட்டியே முட்டிநின்றால் பிறகு நகராது. வில்சுருள் வைத்த காற்றுத் துவக்கு ஒரு விதிவிலக்கு. அது முதலில் பின்னாலும் உடனே முன்னாலும் உதறும். பெரிய துவக்கில் பத்து வருடம் நின்ற ஸ்கோப் அதில் ஒரு மாதத்தில் உடைவதுண்டு.

அடுத்தது உயரம். முன்கண்ணாடி பெரிதானால் ஸ்கோப்பைத் தூக்கிப் பொருத்தவேண்டும். தூக்கினால் கன்னம் கட்டையைவிட்டு எழும்பும். கன்னம் எழும்பினால் ஒவ்வொரு முறையும் கண் வேறிடத்தில் நிற்கும். 50 மில்லிமீற்றர் கண்ணாடி வாங்கிப் பெருமைப்படுவதைவிட 40 மில்லிமீற்றரைத் தாழப் பூட்டுவது நல்லது என்பேன். கண்ணுக்கும் பின்கண்ணாடிக்கும் இடையே ஒன்பது சென்ரிமீற்றர் அளவு இடைவெளி வேண்டும். புருவத்தில் பிறைபோலத் தழும்புள்ள வேட்டைக்காரரைக் கண்டால் அந்த இடைவெளியை அவர் ஒருமுறை மறந்தார் என்று அர்த்தம்.

பழைய துவக்குகளில் வேறொரு வில்லங்கம். டப்ளினில் 18ஆம் நூற்றாண்டில் தோன்றிய ரிக்பி நிறுவனம், ஜெர்மன் மவுசர் ரைபிளை வேட்டைக்காகச் செப்பனிட்டு விற்றது. வட இந்தியாவின் சம்பாவத்தில் ஆட்கொல்லியாயிருந்த பெண்புலியைக் கொன்றதற்காக 1907இல் வேட்டைக்காரர் ஜிம் கோர்பெட்டுக்குப் பரிசாகக் கிடைத்தது அந்த வகை ரைபிள்தான். ஸ்கோப் என்ற எண்ணமே இல்லாமல் அமைந்த பொறி மவுசர். பூட்டுத்தண்டின் கைப்பிடி மேலே எழும்பும்போது ஸ்கோப்பில் இடிக்கும். பின்னாலுள்ள காப்புநாக்கும் நிமிரும்போது தடுக்கும். ஆகவே கைப்பிடியை வளைத்து, நாக்கை மாற்றி, முதுகில் துளைபோட்டு அடித்தகடு பூட்டினார்கள். புது ரைபிளுக்கு அது சரி. பழங்காலக் கிப்ஸுக்கோ ரிக்பிக்கோ துளைபோடுவது பாவம்; பெறுமதியும் போய்விடும். நம் நாட்டுப் பழைய துவக்குகளுக்கும் அதுவே பொருந்தும்; அவையும் சாமானியமானவை அல்ல. 1596இல் வந்த தன் பயண நூலில் டச்சுக்காரர் லின்ஸ்கோட்டன், இலங்கையரின் துவக்குக் குழல்களை எங்கும் காணாத அழகென்று புகழ்ந்தார். கண்டி ராச்சியத்துத் துவக்குகள் பலவற்றில் வெடிப்பொறி இடப்பக்கம் இருக்கும். கொழும்பு நூதனசாலைக்குப் போகிறவர்கள் கவனித்துப் பார்க்கலாம்.

இன்று இதெல்லாம் இந்தக் கரையில் யாருக்குத் தேவை? துவக்கு 1916ஆம் ஆண்டுச் சுடுகலன் கட்டளைச் சட்டத்தின் கீழும், காட்டுயிர் 1937ஆம் ஆண்டு வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழும் வருகின்றன. பேக்கர் சுட்ட நிலத்தில் கல்ஓயாத் திட்டம் சேனநாயக்க சமுத்திரத்தையும் வயலையும் கொண்டுவந்தது. 1954இல் கல்ஓயாவும் 1980இல் லகுகலவும் தேசியப் பூங்காக்கள் ஆயின. யானை இப்போது அறுவடை நேரத்தில் வயலுக்கு வருகிறது. பரணில் விழித்திருக்கும் காவல்காரருக்கு ஸ்கோப் பயன்படாது. யானை வெடியும் டோர்ச்சும் பயன்படும்.

இங்கே ஸ்கோப் உண்மையில் வேண்டியவர் வனசீவராசிகள் திணைக்களத்து மிருகவைத்தியர். கம்பி தடுக்கினால் வெடிக்கும் கட்டுத்துவக்கில் கால் உடைந்த யானைக்கும், தீனிக்குள் மறைத்துவைக்கும் ஹக்கபட்டாஸ் வெடியைக் கடித்து வாய் சிதைந்த குட்டிக்கும் மருந்து கட்டவேண்டுமானால் முதலில் மயக்க ஊசியை எய்யவேண்டும். வாயு அமுக்கத்தில் போகும் அந்த ஊசி மெதுவானது, வளைந்துதான் விழும். தொடைத் தசையில் ஏறினால்தான் மருந்து வேலைசெய்யும். 30 மீற்றரில் நிற்கும் யானைக்குக் குறிவைக்கும்போது வளையமொன்று ஒரு மில்லிமீற்றர் ஆடியிருந்தால் ஊசி 30 சென்ரிமீற்றர் தள்ளி, வயிற்றில் போய்க் குத்தும்.

கட்டுத்துவக்குக் கட்டுவது குற்றம். அது யானையையும் ஆளையும் ஒரேமாதிரித்தான் சுடும். வட்டை ஓரத்தில் கம்பி இழுத்துக் கட்டியிருப்பதைக் கண்டால் தொடாமல், பொலிசுக்கோ வனசீவராசிகள் அலுவலகத்துக்கோ உடனே சொல்லுங்கள்.