நாற்காலி வாங்கும் முன் நாடாவை எடுங்கள்!



நம் பாட்டன்மாரும் பாட்டிமாரும் முதுகை வளைத்து உழைத்தவர்கள். இருள் பிரியும் முன்பே பெரட்டுக்கு நின்று, பால்மரம் சீவி, தோளில் காண்டாக் கம்பும் இருபுறமும் பால் வாளியுமாக நடந்தவர்கள். அவர்களுடைய பேரப் பிள்ளைகள் இன்று உட்கார்ந்து உழைக்கிறார்கள். கிள்ளானிலிருந்து பந்திங் நோக்கிச் செல்லும் ஐந்தாம் எண் கூட்டரசுச் சாலையில் உள்ள நமது தெலுக் பங்லிமா காராங்கையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் கேரித் தீவின் செம்பனைத் தோட்டங்கள். மறு பக்கம் தடையற்ற வாணிப வட்டாரத்தின் தொழிற்சாலைகள். தோட்டத்திலிருந்து புறப்பட்ட குடும்பத்துப் பிள்ளை அந்தத் தொழிற்சாலை அலுவலகத்தில் கணக்கெழுதுகிறாள். மாலையில் வீட்டுக்கு வந்தும் கணினி முன் உட்காருகிறாள்.

“உட்கார்ந்து பார்க்கும் வேலைதானே, அதில் உடம்புக்கு என்ன கேடு?” என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்பது இயல்பே. ஆனால் முதுகுக்குத் தாங்கல் இல்லாமல் மணிக்கணக்கில் குனிந்து உட்கார்ந்தால் இடுப்பு வலிக்கும், கழுத்து பிடித்துக்கொள்ளும், தோள் கனக்கும். வெயிலில் உழைத்தவருக்கு வந்த முதுகு வலி, நிழலில் உழைப்பவருக்கும் வரத்தான் செய்கிறது. வந்த வழிதான் வேறு.

2020 மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபோது, சாப்பாட்டு மேசையே பள்ளிக்கூடமாகவும் அலுவலகமாகவும் ஆனதை நாம் மறக்கவில்லை. பிளாஸ்டிக் நாற்காலியில் ஒரு தலையணையைப் போட்டுச் சமாளித்தோம். அந்தக் காலம் போய்விட்டது. வீட்டிலிருந்து வேலை செய்யும் பழக்கம் முழுதாகப் போகவில்லை. வேலை நேரத்தையும் இடத்தையும் மாற்றித் தருமாறு முதலாளியிடம் விண்ணப்பிக்க, 2023 ஜனவரி 1 முதல் வேலைச் சட்டத்திலேயே வழி செய்யப்பட்டிருக்கிறது. ஆகவே, நல்ல நாற்காலியும் மேசையும் இன்று பகட்டுப் பொருள்கள் அல்ல. மண்வெட்டியும் பால் கத்தியும் போல அவையும் வேலைக் கருவிகளே.

ஆனால் அந்தக் கருவிக்குக் கொடுக்கும் பணம் சிறிய பணமா? 2025ஆம் ஆண்டில் நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. அதில் 425 வெள்ளிக்கு ஒரு நாற்காலி வாங்கினால் கால் பங்குச் சம்பளம் அதற்கே போய்விடும். அதனால்தான் இணையத்தில் விரலால் தட்டி வாங்குவதற்கு முன், சில காரியங்களை நிதானமாகச் செய்யும்படி உங்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

படம் சொல்லாத செய்தி

“கண்ணால் கண்டதும் பொய், காதால் கேட்டதும் பொய், தீர விசாரிப்பதே மெய்” என்பார்கள். இணையக் கடைக்கு இதைவிடப் பொருத்தமான பழமொழி இல்லை. லசாடா 2012ஆம் ஆண்டிலும், ஷோப்பி 2015ஆம் ஆண்டிலும் நம் நாட்டுக்கு வந்தன. கடைத்தெருவே கைத்தொலைபேசிக்குள் வந்துவிட்டது. ஆனால் படத்தில் உள்ள நாற்காலியில் யாரும் உட்கார்ந்து பார்க்க முடியாது. குழந்தை நாற்காலியையும் பெரியவர் நாற்காலியையும் ஒரே அளவாகக் காட்டக்கூடியது படம். எனவே முதலில் அழகையும் நிறத்தையும் விட்டுவிடுங்கள். படத்துக்குக் கீழே சென்டிமீட்டரில் எழுதியிருக்கும் அளவுகளைப் படியுங்கள். அளவு எழுதாத கடையா? அடுத்த கடைக்குப் போங்கள்.

உடம்புக்கு அளவெடுங்கள்

சட்டை தைக்க அளவெடுக்கிறோம். எட்டு மணி நேரம் உடம்பைத் தாங்கும் நாற்காலிக்கு மட்டும் அளவெடுக்க வேண்டாமா? தையல் நாடா ஒன்று போதும்.

வேலை செய்யப் போகிறவரைப் பாதம் தரையில் படும்படி ஒரு முக்காலியில் உட்கார வையுங்கள். தரையிலிருந்து முழங்காலின் பின்மடிப்பு வரை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். நாற்காலியின் இருக்கை உயரம் அந்த அளவுக்கு இறங்க வேண்டும். ஐந்தடி உயரமுள்ள ஒரு பெண்ணுக்கு இது 38 சென்டிமீட்டர் அளவில் இருக்கலாம். கடைகளில் விற்கும் அலுவலக நாற்காலிகள் பலவும் 42 சென்டிமீட்டருக்குக் கீழே இறங்குவதில்லை. அதில் உட்கார்ந்தால் கால் தொங்கும். தொடையின் அடிப்பக்கம் அழுந்தி மரத்துப் போகும். உயரமான ஆண்களை எண்ணிச் செய்த நாற்காலி நம் வீட்டுப் பெண்களுக்குப் பொருந்தாமல் போவது இதனால்தான்.

அடுத்து, இருக்கையின் ஆழம். முதுகைச் சாய்மானத்தில் ஒட்டி உட்கார்ந்தால், இருக்கையின் முன் விளிம்புக்கும் முழங்கால் மடிப்புக்கும் இடையில் இரண்டு மூன்று விரல் நுழைய வேண்டும். விரல் நுழையாவிட்டால் இருக்கை ஆழம் அதிகம். முதுகு சாய்மானத்தை எட்டாது.

மூன்றாவது, இடுப்பின் வளைவு. நம் முதுகெலும்பு நேர்க்கோடு அல்ல. இடுப்பருகே உள்வாங்கி வளைந்திருக்கிறது. அந்த வளைவை நிரப்பும் புடைப்பு சாய்மானத்தில் இருக்கிறதா, அதை மேலும் கீழும் நகர்த்த முடியுமா என்று பாருங்கள். கைதாங்கியோ முழங்கை உயரத்துக்கு வர வேண்டும். அதைவிட உயர்ந்தால் தோளைத் தூக்கி வைத்துக்கொண்டே வேலை செய்ய நேரிடும்.

நாற்காலியின் அடியில் ஐந்து கால்கள் இருக்கட்டும். சக்கர நாற்காலிக்கு நான்கு கால்கள் போதா, சாயும். எத்தனை கிலோ எடை தாங்கும் என்ற குறிப்பையும் படியுங்கள். இவையெல்லாம் நம் கற்பனை அல்ல. வேலையிடத்தில் உட்காருவதற்கென்றே நமது தொழில் பாதுகாப்பு, சுகாதார இலாகா 2003ஆம் ஆண்டில் ஒரு வழிகாட்டி நூல் வெளியிட்டிருக்கிறது.

மேசை உயர்ந்தால் மணைக்கட்டை

கடை மேசைகள் பெரும்பாலும் 73 முதல் 75 சென்டிமீட்டர் உயரத்தில் வருகின்றன. குள்ளமானவர் தம் காலுக்கு ஏற்ப நாற்காலியைத் தாழ்த்தினால் மேசை மார்பை எட்டும். மேசைக்கு ஏற்ப உயர்த்தினால் கால் தொங்கும். இதற்குப் புது மேசை வாங்க வேண்டியதில்லை. முழங்கை மேசை மட்டத்துக்கு வரும்வரை நாற்காலியை உயர்த்துங்கள். தொங்கும் காலுக்குக் கீழே வீட்டில் கிடக்கும் ஒரு மணைக்கட்டையைப் போடுங்கள். காசில்லாத வைத்தியம் இது.

கணினித் திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்தில் இருக்கட்டும். திரை ஒரு கை நீளத் தொலைவில் இருக்கட்டும். மடிக்கணினியானால் அதைப் பழைய புத்தகங்களின் மேல் உயர்த்தி வைத்து, தட்டச்சுப் பலகை ஒன்றைத் தனியே இணைத்துக்கொள்ளலாம்.

வீட்டுக்கும் அளவுண்டு

தோட்டத்து வீட்டுக் கதவும், அடுக்குமாடி வீட்டுப் படிக்கட்டும் அகலமாக இருப்பதில்லை. மேசை வைக்கும் இடம், கதவின் அகலம், படி திரும்பும் மூலை ஆகிய மூன்றையும் அளந்து எழுதுங்கள். நாற்காலியைப் பின்னுக்கு இழுத்து எழுந்திருக்க மேசைக்குப் பின்னால் ஏறக்குறைய மூன்றடி இடம் வேண்டும். பெட்டி மாடிக்கு வருமா, அல்லது லோரிக்காரர் கீழேயே இறக்கிவிட்டுப் போய்விடுவாரா என்பதையும் வாங்கும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

நாம் சீவிய மரம்

இனி மரத்துக்கு வருவோம். இதில் நமக்கு ஒரு தனி உறவு உண்டு. பால்மரம் ஏறக்குறைய 25 முதல் 30 ஆண்டுகள் பால் தரும், பிறகு வெட்டப்படும். ஒரு காலத்தில் வெட்டிய மரத்துக்கு மதிப்பே இல்லை. புகைக் கூடத்துக்கும் செங்கல் சூளைக்கும் விறகாகப் போனது. பிறையில் 1960களில் தொடங்கிய மலாயாவாத்தா இரும்பு ஆலை பால்மரக் கரியைக் கொண்டே இரும்பை உருக்கியது. வெட்டிய சில நாட்களில் பூஞ்சை பிடித்து, வண்டு துளைத்துவிடும் என்பதால் அதில் மரச்சாமான் செய்ய முடியாமல் இருந்தது. போரான் மருந்தை மரத்துக்குள் செலுத்தி, சூளையில் உலர்த்தும் முறை கைகூடியதும் நிலைமை மாறியது. இந்த ஆராய்ச்சியில் கெப்போங் காட்டு ஆராய்ச்சி நிலையத்துக்கும் பங்கு உண்டு. இன்று மலேசியா ஆண்டுக்குப் பல நூறு கோடி வெள்ளிக்கு மரச்சாமான் ஏற்றுமதி செய்கிறது. அதில் பெரும் பங்கு பால்மரத்தில் செய்தது. ஜொகூரின் மூவார் நகரம் இத்தொழிலுக்குப் பெயர் பெற்றது.

ஆகவே மேசை வாங்கும்போது ‘காயு கெத்தா’ என்றோ ‘ரப்பர்வுட்’ என்றோ எழுதியிருந்தால் தயங்க வேண்டாம்; நன்கு உலர்த்திய பால்மரம் உறுதியானது. வெறுமனே ‘மரம்’ என்று மட்டும் எழுதியிருந்தால், கட்டை மரமா, மரத்தூளை அழுத்திச் செய்த பலகையா என்று கேளுங்கள். தூள் பலகை விலை மலிவு. ஆனால் தண்ணீர் பட்டால் ஊதிப் போகும். திருகாணியைக் கழற்றிக் கழற்றிப் பூட்டினால் பிடிப்பு விட்டுவிடும். 2021 டிசம்பரில் சிலாங்கூரில் வந்த வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. தூள் பலகைதான் கைக்கு எட்டும் விலை என்றால், இரும்புக் கால் வைத்த மேசையாகப் பாருங்கள். பலகை தரையைத் தொடாது.

நாற்காலிக்கு வலைத்துணிச் சாய்மானம் நம் புழுக்கத்துக்கு ஏற்றது. காற்றோடும், வியர்வை தங்காது. பளபளக்கும் செயற்கைத் தோல் பார்க்க அழகுதான். நம் நாட்டு ஈரக் காற்றில் சில ஆண்டுகளில் தோல் உரிவது போல உரிந்து உதிரும்.

பணம் போகும் வழி

“கையிலே காசு, வாயிலே தோசை” என்பது பழைய வியாபாரம். இணையத்திலோ காசு முதலில் போகிறது. தோசை பிறகுதான் வருகிறது. ஆகையால் எச்சரிக்கை இரு மடங்காக வேண்டும்.

இணையத்தில் விற்பவர் தம் பெயர், பதிவு எண், தொடர்பு முகவரி, பொருளின் தன்மை, ஏற்றுக்கூலி உட்பட முழு விலை ஆகியவற்றைத் தெரிவிக்க வேண்டும் என்ற விதி 2013ஆம் ஆண்டிலிருந்து நம் நாட்டில் உண்டு. இவற்றை மறைக்கும் கடையை நம்பாதீர்கள். “தளத்துக்கு வெளியே என் கணக்கில் நேராகப் பணம் போடுங்கள், விலை குறைத்துத் தருகிறேன்” என்று எவரேனும் தனியாகச் செய்தி அனுப்பினால் விலகிக்கொள்ளுங்கள். தளத்துக்குள் கட்டிய பணத்துக்குத் தளத்தின் காப்பு உண்டு. வெளியே கட்டியதற்குக் காப்பு இல்லை. சந்தேகம் வந்தால் அரச மலேசியப் போலீசின் ‘செமாக் மியூல்’ இணையப் பக்கத்தில் அந்த வங்கிக் கணக்கு எண்ணைச் சோதித்துப் பார்க்கலாம். ஏமாந்துவிட்டதாகத் தெரிந்தால், உடனே உங்கள் வங்கியை அல்லது 997 என்ற எண்ணை அழையுங்கள்.

வாங்கியவர்கள் எழுதிய கருத்துகளில் ஐந்து நட்சத்திரத்தை மட்டும் பார்க்காதீர்கள். ஒன்று, இரண்டு நட்சத்திரம் கொடுத்தவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று படியுங்கள். ஆறு மாதத்துக்குப் பிறகு எழுதியவரின் ஒரு வரி, வந்த அன்றே எழுதிய பத்து வரிகளுக்குச் சமம்.

பெட்டி வந்த பிறகு

பெட்டியைத் திறக்கும்போதே கைத்தொலைபேசியில் படம் பிடியுங்கள். திருகாணிகளை எண்ணுங்கள். பூட்டி, உட்கார்ந்து, உயரத்தை ஏற்றி இறக்கிப் பார்க்கும்வரை ‘பொருள் கிடைத்தது’ என்ற பொத்தானை அழுத்த வேண்டாம். திருப்பியனுப்பும் கெடு முடியும் முன் குறையைச் சொல்லிவிட வேண்டும். அட்டைப் பெட்டியையும் அதுவரை எறியாதீர்கள்.

விற்றவர் பொறுப்பேற்க மறுத்தால் மனம் தளர வேண்டியதில்லை. 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அமைந்த பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 50,000 வெள்ளி வரையிலான வழக்கைத் தொடுக்கலாம். கட்டணம் ஐந்து வெள்ளி, வழக்கறிஞர் தேவையில்லை. ரசீதும் படங்களும் கையில் இருந்தால் போதும்.

உட்கார்ந்து பார்த்து வாங்குங்கள்

இன்னும் ஒரு யோசனை. இணையத்தில் வாங்குவதாக முடிவு செய்தாலும், ஒரு ஞாயிற்றுக்கிழமை கிள்ளானிலோ பந்திங்கிலோ உள்ள மரச்சாமான் கடைக்கு, அந்த நாற்காலியில் உட்காரப் போகிற பிள்ளையையும் அழைத்துக்கொண்டு போங்கள். ஐந்து நிமிடமல்ல, கால் மணி நேரம் உட்காரச் சொல்லுங்கள். பொருந்திய நாற்காலியின் அளவுகளைக் குறித்துக்கொண்டால் இணையத்தில் தேடுவது எளிது. இடம் மாறும் அலுவலகங்கள் விற்கும் பழைய நாற்காலிகளையும் ஒதுக்கிவிடாதீர்கள். மலிவான புது நாற்காலியைவிட நல்ல பழைய நாற்காலி பல நேரங்களில் மேல்.

கடைசியாக ஒன்று. எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய நாற்காலியும் மனிதரை நாள் முழுக்க உட்கார வைப்பதற்கல்ல. அரை மணிக்கு ஒருமுறை எழுந்து, தண்ணீர் குடித்து, நாலடி நடந்துவிட்டு வரச் சொல்லுங்கள். நம் மூத்தோர் முதுகைக் கொடுத்துப் பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள். அந்தப் பிள்ளைகளின் முதுகைக் காப்பது நம் கையில் இருக்கிறது. அதற்கு முதலில் வேண்டியது பணமல்ல. தையல் பெட்டியில் கிடக்கும் அந்த நாடாதான்.