உள்ளே வரத்தான் கார்டு, வெளியே போக அல்ல

பண்ருட்டியில் முந்திரிப் பருப்பைத் தரம் பிரித்து டின்னில் அடைத்துவைக்கும் ஓர் அறையை எடுத்துக்கொள்வோம். சரக்கு விலை உயர்ந்தது. யார், எப்போது உள்ளே போனார்கள் என்று முதலாளிக்குத் தெரிய வேண்டும். சாவியைப் பத்துப் பேரிடம் கொடுக்க முடியாது. வேலையை விட்டு நின்றவர் சாவியைத் திருப்பித் தந்தாலும், பூட்டையே மாற்றும்வரை நிம்மதி இருக்காது. மின்னணுக் கதவுப் பூட்டில் இந்தத் தொல்லை இல்லை. நின்றவரின் கார்டு எண்ணை நீக்கினால் போதும், மற்றவர்கள் எதையும் மாற்ற வேண்டியதில்லை.

ஆனால் அந்த அறைக்குள் ஆட்கள் வேலை செய்கிறார்கள். திருடனைத் தடுக்கும் கதவு அவர்களை அடைத்துவைக்கும் கதவாகிவிடக் கூடாது. 1997 ஜூன் 13 அன்று டெல்லி உப்ஹார் திரையரங்கில் தீப்பிடித்தபோது, பால்கனியில் இருந்தவர்கள் வெளியேறும் வழிகள் அடைபட்டிருந்ததால் புகையில் சிக்கினார்கள். 59 பேர் இறந்தார்கள். வெளியேறும் வழியிலுள்ள கதவை உள்ளிருப்பவர் சாவியில்லாமல் திறக்க முடிய வேண்டும் என்கிறது 2016-ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு. எந்தப் பூட்டை வாங்கினாலும், எப்படி மாட்டினாலும், இதை முதல் விதியாக வைத்துக்கொள்ளுங்கள்.

என்னென்ன பாகங்கள்?

கதவுக்கு வெளியே கார்டு ரீடர். உள்ளே, கைக்கு எட்டாத உயரத்தில் கன்ட்ரோலர். கதவில் பூட்டு. உள்பக்கச் சுவரில் எக்ஸிட் பட்டன், அதன் அருகில் அவசரத்துக்கு அழுத்தும் பச்சைப் பெட்டி. கதவு மூடியிருக்கிறதா என்று சொல்லும் சிறு காந்த சென்சார். இவை அனைத்துக்கும் 12 வோல்ட் மின்சாரம் தரும் பவர் சப்ளை, அதோடு ஒரு பேட்டரி.

கார்டைக் காட்டினால் ரீடர் அதன் எண்ணைக் கன்ட்ரோலருக்கு அனுப்பும். இந்த ஆளுக்கு இந்த நேரத்தில் அனுமதி உண்டா என்று கன்ட்ரோலர் பார்த்து, உண்டென்றால் சில நொடிகள் பூட்டை விடுவிக்கும். முடிவெடுப்பது கன்ட்ரோலர்தான் என்பதால் அது உள்ளே இருந்தாக வேண்டும். ரீடரும் கன்ட்ரோலரும் ஒன்றாகவே இருக்கும் மலிவான பெட்டியை வெளிச் சுவரில் மாட்டினால், அதைக் கழற்றி இரண்டு வயர்களைச் சேர்த்தே கதவைத் திறந்துவிடலாம்.

கரன்ட் போனால் என்ன ஆகும்?

பூட்டில் முக்கியமாக இரண்டு வகை உண்டு. மேக்னடிக் லாக் மின்காந்தத்தால் கதவைப் பிடித்திருக்கும். வழக்கமான ஒன்று 280 கிலோ இழுவையைத் தாங்கும் என்று பெட்டியில் போட்டிருக்கும். ஆனால் கரன்ட் போன கணமே பிடி விட்டுவிடும். மற்றது எலக்ட்ரிக் ஸ்ட்ரைக். கரன்ட் இல்லாதபோதும் வெளியிலிருந்து பூட்டியே நிற்கும் வகை இதில் கிடைக்கிறது. உள்ளே உள்ள கைப்பிடியைத் திருகினால் மின்சாரமே தேவையின்றித் திறக்கும்.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தபோது, பண்ருட்டிப் பக்கத்து முந்திரித் தோப்புகளும் பலா மரங்களும் சாய்ந்தன. மின்கம்பங்கள் விழுந்து, பல கிராமங்கள் நாள்கணக்கில் இருளில் கிடந்தன. எந்த பேட்டரியும் அத்தனை நாள் தாங்காது. வழக்கமாகப் போடும் 7 ஆம்பியர்-அவர் பேட்டரியில், மேக்னடிக் லாக் அரை ஆம்பியரும் மற்றவை 0.2 ஆம்பியரும் எடுத்தால் கணக்குப்படி 10 மணி நேரம் வரும். நடைமுறையில் அதைவிடக் குறையும். பேட்டரி பழசாகிவிட்டால் பாதிகூட வராமல் போகலாம்.

ஆகவே ஆட்கள் நடமாடும் வாசலுக்கு மேக்னடிக் லாக் போடலாம். இரவில் யாரும் உள்ளே இல்லை என்று பார்த்த பிறகு, அதற்கு வெளியே வழக்கமான ஷட்டரைப் பூட்டிக்கொள்ள வேண்டும். பருப்பு அறைக்கு உள்கைப்பிடியுள்ள எலக்ட்ரிக் ஸ்ட்ரைக் பொருத்தம்.

விரலா, கார்டா?

இந்த ஊருக்கு இது முக்கியமான கேள்வி. முந்திரிக் கொட்டையின் ஓட்டில் உள்ள எண்ணெய் தோலை அரிக்கும். கொட்டை உடைப்பவர்களின் விரல் ரேகை நாளடைவில் தேய்ந்து, கைரேகைக் கருவிக்குத் தெரியாமல் போகிறது. அவர்களைக் கைரேகை வைக்கச் சொல்லித் தினமும் வாசலில் நிறுத்துவது நியாயமில்லை. கார்டு தொலைந்தால் வேறு தரலாம், ரேகைப் பதிவு வெளியே கசிந்தால் வேறு விரல் தர முடியாது. கார்டே நல்லது.

கார்டிலும் பார்த்து வாங்க வேண்டும். 125 கிலோஹெர்ட்ஸ் கார்டு தன் எண்ணை எந்த மறைப்பும் இல்லாமல் சொல்லிவிடும், அதை எளிதாக நகல் எடுக்கலாம். 13.56 மெகாஹெர்ட்ஸில் டெஸ்ஃபயர் போல ரகசியக் குறியீட்டில் பேசும் கார்டுகள் உண்டு. ரீடரும் அந்தக் குறியீட்டைச் சரிபார்ப்பதாக இருக்க வேண்டும். கார்டின் எண்ணை மட்டும் படிக்கும் ரீடரை மாட்டினால் கொடுத்த காசு வீண்.

மாட்டும்போது

மேக்னடிக் லாக்கின் இரும்புத் தகட்டை இறுக முடுக்கக் கூடாது. நடுவில் உள்ள ரப்பர் வாஷரின் மேல் அது சற்று அசைந்தால்தான் காந்தத்தோடு முழுதாக ஒட்டும். சிறு இடைவெளி இருந்தாலும் பிடி வெகுவாகக் குறையும். வயரிலும் கஞ்சத்தனம் வேண்டாம். பூட்டின் அரை ஆம்பியர், அரை சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் 30 மீட்டர் தூரம் போய்வருவதற்குள் ஏறத்தாழ 1 வோல்ட் இழப்பாகும். பூட்டைத் துண்டிக்கும் நொடியில் அதன் காயிலிலிருந்து எழும் மின்னழுத்தத் துள்ளல் கன்ட்ரோலரைக் கெடுக்கும். பூட்டுக்குள்ளேயே அதற்கான தடுப்பு இல்லையென்றால் பூட்டுக்குக் குறுக்கே ஒரு 4007 டயோடு போட வேண்டும். வெள்ளைக் கோடு உள்ள முனை பாசிட்டிவ் பக்கம் இருக்கட்டும்.

மேக்னடிக் லாக் உள்ள கதவில், பச்சைப் பெட்டியின் வயர் பூட்டுக்குப் போகும் மின்சாரத்தை நேரடியாகத் துண்டிக்க வேண்டும். கன்ட்ரோலருக்குச் செய்தி அனுப்பி, அது திறக்கட்டும் என்று விடக் கூடாது. கன்ட்ரோலர் உறைந்து நிற்கும் நாளிலும் கதவு திறந்தாக வேண்டும். தீ எச்சரிக்கை மணி இருந்தால் அதையும் இதே போல இணைக்க வேண்டும்.

சோதிக்கும் முறை

கார்டைக் காட்டினேன், திறந்தது என்பதோடு சோதனை முடிவதில்லை. ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

1. அனுமதி உள்ள கார்டு, பதியாத கார்டு, நீக்கிய கார்டு மூன்றையும் காட்டுங்கள். முதலாவது மட்டுமே திறக்க வேண்டும். ரீடர் பீப் அடித்தும் நல்ல கார்டு ஏற்கப்படவில்லை என்றால், ரீடரிலிருந்து கன்ட்ரோலருக்கு வரும் பச்சை வயரும் வெள்ளை வயரும் இடம் மாறியிருக்கலாம்.

2. பகல் வேலைக்காரரின் கார்டு இரவில் திறக்கக் கூடாது. கன்ட்ரோலரின் கடிகாரம் சரியா என்றும் பாருங்கள். அது தவறினால் வருகைப் பதிவு முழுவதும் பொய்யாகும்.

3. பூட்டிய கதவைப் பலமாக இழுத்துப் பாருங்கள். பிறகு கதவைத் திறந்தே வைத்து, எச்சரிக்கை ஒலிக்கிறதா என்று கவனியுங்கள்.

4. இன்டர்நெட் வயரைப் பிடுங்குங்கள். கதவு வழக்கம்போல இயங்க வேண்டும், பதிவுகளும் கன்ட்ரோலரிலேயே சேர வேண்டும்.

5. மெயினை அணைத்து, பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அது தீர்ந்த பிறகும் உள்ளிருந்து வெளியே வர முடிகிறதா என்று பாருங்கள்.

6. மேக்னடிக் லாக் உள்ள கதவில், கரன்ட் இருக்கும்போதே, பூட்டுக்குப் போகும் வயரைத் தொடாமல், கன்ட்ரோலருக்குச் செய்தி கொண்டுவரும் வயர்களை மட்டும் கழற்றிவிட்டுப் பச்சைப் பெட்டியை அழுத்துங்கள். பூட்டு உடனே விடுபட வேண்டும்.

கடைசி இரண்டில் ஒன்று தவறினாலும் அந்தக் கதவைப் பயன்பாட்டுக்கு எடுக்காதீர்கள். மற்ற குறைகளால் சரக்குக்குத்தான் ஆபத்து, இவற்றால் உயிருக்கு ஆபத்து.

கன்ட்ரோலரோடு வந்த பாஸ்வேர்டை முதல் நாளே மாற்றுங்கள். பேட்டரியின் மேல் மாட்டிய தேதியை எழுதி, இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதியது போடுங்கள். பச்சைப் பெட்டி எங்கே இருக்கிறது என்பதை உள்ளே வேலை செய்யும் ஒவ்வொருவரும் ஒருமுறையாவது தம் கையால் அழுத்திப் பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும். பூட்டு மாட்ட வந்தவருக்குப் பாக்கித் தொகையைக் கொடுக்கும் முன், இந்த ஆறு சோதனைகளையும் உங்கள் கண்முன் செய்துகாட்டச் சொல்லுங்கள்.