காணி எல்லைப் படங்களில் அறியப்படாத ஆள்கூற்று முறைமையைத் துணிதல்

காணியொன்றின் எல்லையை உறுதி சொற்களால் உரைக்கின்றது; நில அளவைப் படம் கோடுகளால் காட்டுகின்றது. வேலியும் கதியாலும் நிலைத்திருக்கும் வரை இவ்விரண்டையும் ஒப்புநோக்கும் தேவை அரிதாகவே எழும். ஆயின் போர்க்காலத்தில் இடம்பெயர்ந்து பல்லாண்டுகளின் பின் மீண்டோர்க்கு, வேலி அழிந்த இடங்களில் பழைய படமே முதன்மைச் சான்றாயிற்று. அப்படத்தைக் கணினியில் வரைந்து பொது நிலப்படத்தின் மேல் இடும்பொழுது, அதன் எண்கள் எம்முறைமையைச் சார்ந்தவை என்ற குறிப்பு இல்லாமையே பெரும் இடர்ப்பாடாகின்றது. அம்முறைமையை ஊகிக்காது துணியும் வழியை ஈண்டு யாழ்ப்பாணத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஆராய்வோம்.

முதற்கண் இரு செயல்களை வேறுபடுத்தல் வேண்டும். எண்கள் இன்ன முறைமையின என்று அறிவித்தல் ஒன்று; ஒரு முறைமையிலிருந்து மற்றொன்றிற்கு அவற்றை மாற்றுதல் பிறிதொன்று. அறிவித்தலால் எண்கள் மாறா; மாற்றுதலால் மாறும். முறைமையைப் பிழையாக அறிவித்துவிட்டு மாற்றினால், எவ்வளவு நுட்பமான கணிப்பும் காணியை வேறிடத்தில் கொண்டுபோய் நிறுத்தும்.

எண்களின் பருமனே முதற் சான்று. இலங்கையின் தேசிய வலைகள் பீதுருதாலகால மலையைத் தொடக்கமாகக் கொண்ட குறுக்கு மேர்க்காட்டர் எறியத்தின்பாற்பட்டவை. கந்தவல ஆதாரத்தைச் சார்ந்த வலையில் அத்தொடக்கத்திற்குக் கிழக்காகவும் வடக்காகவும் 200,000 மீற்றர் கொடுக்கப்பட்டது. 1999ஆம் ஆண்டு ஆதாரத்தைச் சார்ந்த வலையில் அது 500,000 ஆயிற்று. எனவே யாழ்ப்பாண நகரம் முன்னையதில் கிழக்கு 117,500, வடக்கு 494,000 அளவிலும், பின்னையதில் கிழக்கு 417,500, வடக்கு 794,000 அளவிலும் அமையும். உலகப் பொது மேர்க்காட்டர் முறையின் 44ஆம் வலயத்திலோ கிழக்கு 392,500, வடக்கு 1,068,000 அளவாகும். கிழக்கெண்ணை மட்டும் நோக்குவோர் கடைசி இரண்டையும் மயங்கக்கூடும். வடக்கெண் அம்மயக்கத்தை நீக்கும்.

இரு தேசிய வலைகளுக்கும் இடையே 300,000ஐக் கூட்டியோ கழித்தோ அமைதல் அண்ணளவே. தொடக்கப்புள்ளிக்குரிய அகலாங்கு நெட்டாங்குகளே இரண்டிலும் சற்று வேறுபடுகின்றன. மேலும், கந்தவல ஆதாரத்தின் அகலாங்கு நெட்டாங்குகளைச் செய்மதி முறைக்குரியனவாகக் கொண்டால், இடம் 200 மீற்றருக்கு மேல் விலகும். ஒழுங்கைக்கு அப்பாலுள்ள அயலார் காணியையும் கடந்த விலகல் அது.

இரண்டாவது சான்று பரப்பளவு. 4 பரப்புக் காணி 40 பேர்ச், அதாவது ஒரு றூட். படத்திலுள்ள உருவின் பரப்பைக் கணித்தால், அலகு மீற்றராயின் ஏறக்குறைய 1,012 என்றும், அடியாயின் 10,890 என்றும், சங்கிலியின் நூறிலொரு பங்காகிய இணைப்பாயின் 25,000 என்றும் வரும். உறுதி கூறும் அளவோடு இவற்றுள் எது இணங்குகின்றதோ அதுவே அலகு. ஆயினும் பரப்பளவு, காணி எங்குள்ளது என்றோ எத்திசை நோக்கியது என்றோ கூறாது. கிழக்கெண்ணும் வடக்கெண்ணும் இடம்மாறி உரு கண்ணாடி விம்பமாய் அமைந்தாலும் பரப்பளவு மாறுவதில்லை. அப்பிழையை உறுதியின் நான்கெல்லைக் கூற்றே காட்டிக்கொடுக்கும்.

எண்கள் 1,000, 1,000 போன்ற தற்போக்கான தொடக்கத்தினவாயின், எந்த முறைமையின் பெயரும் அவற்றிற்குப் பொருந்தாது. அங்கு நகர்வு இரண்டு, சுழற்சி ஒன்று, அளவுவிகிதம் ஒன்று என நான்கு கணியங்களை அறிதல் வேண்டும். படத்திலும் நிலத்திலும் ஐயமின்றி இனங்காணத்தக்க இரு புள்ளிகள் அதற்குப் போதும். எல்லைக்கல், பழைய கிணற்றின் மையம் போன்றவை ஏற்றவை. வேலி ஏற்றதன்று, ஏனெனில் அது நகரவல்லது.

ஈண்டு ஓர் எச்சரிக்கை தேவை. நான்கு கணியங்களுக்கு இரு புள்ளிகள் நான்கு சமன்பாடுகளையே தருகின்றன. ஆதலின் இரு புள்ளிகளால் பொருத்திய படம், புள்ளிகள் பிழையாயினும் அவ்விரண்டிலும் முற்றாகவே பொருந்தும். பொருந்தியமை உண்மைக்குச் சான்றாகாது. பொருத்தத்திற் பயன்படாத மூன்றாவது புள்ளி தன் இடத்தில் விழுகின்றதா என்பதே சோதனை.

அளவுவிகிதமும் சான்று பகரும். மீற்றர்ப் படத்திற்கு அது 1ஐயும், அடிப் படத்திற்கு 0.3048ஐயும், இணைப்புப் படத்திற்கு 0.2012ஐயும் அணுகுதல் வேண்டும். மீற்றர்ப் படத்தில் 0.98 என வருமாயின், அதனை ஏற்று வரைதல் காணியைச் சுருக்குதலாகும். நீளத்தில் நூற்றுக்கு இரண்டு குறைய, பரப்பில் ஏறக்குறைய நான்கு குறையும். மேற்கூறிய 4 பரப்புக் காணியில் ஏறத்தாழ 1.6 பேர்ச் மறைந்துபோகும். கதியாலை ஒரு முழம் தள்ளி நட்டால் அயலார் காண்பர். கணினியில் நேரும் இச்சுருக்கத்தை எவரும் காணார்.

சுருங்கக் கூறின், எண்ணின் பருமன், பரப்பளவு, நான்கெல்லை, மூன்றாம் புள்ளி ஆகிய நான்கும் ஒருமித்துரைத்தாலன்றி முறைமை துணியப்பட்டதாகாது. அவை முரணுமிடத்துப் படத்தை வளைத்துப் பொருத்தாது, முரணைப் படத்திலேயே குறித்து, நில அளவையாளரை மீண்டும் காணிக்கு அழைத்தலே நேரிய முறையாகும். ஐயத்தைக் குறிப்பாக விட்டுச்செல்லும் படம் பின்வருவோர்க்கு உதவும். ஐயத்தை மறைத்த படமோ அடுத்த வழக்கிற்கு வித்தாகும்.