மரியோவின் மீசை

சிவப்புத் தொப்பி, அடர்ந்த மீசை, தோள்வார் வைத்த காற்சட்டை. இவற்றைக் கண்டதும் அது மரியோ என்று சிறு பிள்ளைகூடச் சொல்லிவிடும். ஆனால், இவை அழகுக்காகச் சேர்க்கப்பட்டவை அல்ல. 1981ஆம் ஆண்டு ‘டாங்கி காங்’ என்னும் காணொளி விளையாட்டுக்காக ஜப்பானைச் சேர்ந்த ஷிகெரு மியாமோட்டோ இந்த உருவத்தை வரைந்தார். அவருக்குக் கிடைத்த இடம் அகலத்தில் 16 புள்ளிகள், உயரத்தில் 16 புள்ளிகள் மட்டுமே. வண்ணங்களும் மிகச் சில. அவ்வளவு சிறிய முகத்தில் வாயைத் தெளிவாக வரைய முடியவில்லை. ஆகவே, மூக்கைப் பெரிதாக்கி அதன்கீழ் மீசை வைத்தார். தலைமுடி வரைவதைத் தவிர்க்கத் தொப்பி அணிவித்தார். சட்டையும் காற்சட்டையும் வெவ்வேறு நிறத்தில் இருந்ததால், ஓடும்போது கைகள் அசைவது கண்ணுக்குத் தெரிந்தது.

இதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே, அதே நாட்டில் தோமோஹிரோ நிஷிகாடோ இன்னொரு தடையைச் சந்தித்திருந்தார். அவர் உருவாக்கிய ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ விளையாட்டில் 55 வேற்றுக்கோள்வாசிகள் அணிவகுத்து மெல்ல இறங்கி வருவார்கள். அவர்களைச் சுட்டு வீழ்த்த வேண்டும். அத்தனை உருவங்களையும் விரைவாக நகர்த்தும் ஆற்றல் அன்றைய செயலிக்கு இல்லை. அணி ஊர்ந்து சென்றது. சுடப்பட்டவர்கள் மறைய மறையச் செயலியின் சுமை குறைந்தது, எஞ்சியவர்கள் வேகமெடுத்தார்கள். கடைசியாக நின்ற ஒருவனோ திரையின் குறுக்கே பாய்ந்தோடினான்! நிஷிகாடோ நினைத்திருந்தால் வேகத்தைச் சீராக்கியிருக்கலாம். அவர் அதை அப்படியே விட்டுவிட்டார். வெற்றி நெருங்க நெருங்க ஆடுபவரின் பதற்றமும் கூடியது. போகப் போகக் கடினமாகும் ஆட்டம் இன்று எவருக்கும் வியப்பளிப்பதில்லை. அன்று அது புதுமை.

எல்லாப் பற்றாக்குறையும் இப்படிக் கைகொடுப்பதில்லை. 1982இல் ‘ஈ.டி.’ திரைப்படத்தை ஒட்டி வந்த விளையாட்டை உருவாக்க ஏறத்தாழ ஐந்து வாரங்களே தரப்பட்டன. குழிக்குள் விழுவதும் எழுவதுமாகவே ஆட்டம் கழிந்ததால், வாங்கியவர்கள் சலித்துப்போனார்கள். விற்காத பேழைகள் அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் புதைக்கப்பட்டன. 2014இல் அவ்விடத்தைத் தோண்டியபோது அவை மீண்டும் வெளிவந்தன. சிறிய திரையோடு போராடலாம். செய்து பார்த்துத் திருத்த நாளே இல்லாதபோது என்ன செய்வது?

1985இல் ‘சூப்பர் மரியோ பிரதர்ஸ்’ வெளிவந்தது. முழு விளையாட்டும் 40 கிலோபைட் நினைவகத்துக்குள் அடங்க வேண்டியிருந்தது. இன்று திறன்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படத்துக்கே அது போதாது. அதனால், வானத்து மேகமும் தரையிலுள்ள புதரும் ஒரே படமாயின. ஒன்றுக்கு வெள்ளை, மற்றொன்றுக்குப் பச்சை. யாராவது சொன்னால்தான் அந்த ஒற்றுமை கண்ணில் படும். ‘கூம்பா’ என்னும் எதிரியைச் சேர்க்கும் வேளையில் நினைவகம் ஏறக்குறையத் தீர்ந்துவிட்டது. அது நடப்பதைக் காட்டக் குறைந்தது இரண்டு படங்களாவது வேண்டும். இருந்ததோ ஒன்றுக்கான இடம். குழுவினர் அந்த ஒரே படத்தை இடம் வலமாகத் திருப்பித் திருப்பிக் காட்டினார்கள். கூம்பா தத்தித் தத்தி நடக்கத் தொடங்கியது.